தராத மாநிலத்தை என்ன செய்வது? 1787-இல் ஃபிலடெல்ஃபியாவின் முன் இருந்த வழிகள்

1781 கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் அடுத்த ஆண்டுச் செலவுக்கென்று 13 மாநிலங்களிடமும் சேர்த்து 80 லட்சம் டாலர் கேட்டது. பிரிட்டனுடன் போர் முறைப்படி முடியவில்லை, படைவீரர்களுக்குச் சம்பளம் பாக்கி. 1782 முடியும்போது கைக்கு வந்து சேர்ந்த தொகை 5 லட்சத்தைக்கூட எட்டவில்லை. தராத மாநிலத்திடம் காங்கிரஸ் மறுபடி கேட்கலாம், கெஞ்சலாம். அதற்கு மேல் வழியில்லை. வீட்டுக்கு வீடு போய் வசூலிக்க அதனிடம் ஒரு தண்டல்காரர்கூடக் கிடையாது.

1787 மே முதல் செப்டம்பர் வரை ஃபிலடெல்ஃபியாவில் நடந்த, அமெரிக்க அரசமைப்பை எழுதிய மாநாட்டை, மத்திய அரசுக்கு அதிகாரமா மாநிலங்களுக்கு அதிகாரமா என்ற இழுபறியாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அங்கே எடுத்த முடிவுகளில் பாதி விளங்காது. கேட்டதைத் தராத, சொன்னதைக் கேளாத ஒரு மாநிலத்தை மத்திய அரசு என்ன செய்யும்? யார் மேல் கை வைக்கும்? மேசைக்கு வந்த ஒவ்வொரு திட்டத்தையும் இந்தக் கேள்வியில் உரசிப் பார்த்தால் எது பொன், எது பித்தளை என்று தெரிந்துவிடும்.

இருப்பதை ஒட்டுப்போடுவது

கையில் இருந்தது 13 மாநிலங்களையும் இணைத்த பழைய சாசனமான 'கூட்டமைப்பு விதிகள்'. காங்கிரஸ் 1777 நவம்பர் 15 அன்று ஏற்று, மேரிலாந்து கடைசியாகக் கையெழுத்திட்டபின் 1781 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே அவை. ஒவ்வொரு மாநிலமும் 2 முதல் 7 பேர் வரை அனுப்பலாம், ஆனால் மாநிலத்துக்கு ஒரே வாக்கு. ஒருவர் மட்டும் வந்திருந்தால் அந்த மாநிலத்துக்கு வாக்கே இல்லை. இருவர் வந்து ஆளுக்கொரு பக்கம் போனாலும் வாக்கு வீண். போர், உடன்படிக்கை, கடன், செலவு போன்ற பெரிய காரியங்களுக்கு 9 மாநிலங்கள் வேண்டும். விதிகளைத் திருத்த 13-உம் வேண்டும். பிரதிநிதிகளின் செலவை அவரவர் மாநிலமே பார்த்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் நடுவிலேயே திருப்பி அழைத்துக்கொள்ளும்.

இந்த அமைப்பை முழுக்கத் தள்ளிவிடுவது நியாயமாகாது. 1783-இல் பிரிட்டனுடன் சமாதானம் செய்துகொண்டது இந்தக் காங்கிரஸ்தான். ஃபிலடெல்ஃபியாவில் மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, 1787 ஜூலை 13 அன்று, ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தை ஆள்வதற்கும் அங்கே புதிய மாநிலங்கள் பிறப்பதற்கும் வழி வகுத்த சட்டத்தை நியூயார்க்கில் நிறைவேற்றியதும் இதே காங்கிரஸ்தான். அங்கே அடிமைமுறை கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

ஒட்டுப்போடும் முயற்சி ஒன்றல்ல, இரண்டு முறை நடந்தது. 1781-இல் இறக்குமதிப் பொருள்மீது 5 சதவீத வரி போட அனுமதி கேட்டார்கள். 1782 நவம்பரில் ரோட் ஐலண்ட் மறுத்தது. அடுத்த மாதமே வர்ஜீனியா தான் ஏற்கெனவே கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. 1783-இல் ஆண்டு வரம்பெல்லாம் வைத்து மறுபடி கேட்டார்கள். இந்த முறை நியூயார்க் மட்டும் முட்டுக்கட்டை. அதன் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு அதுவே சுங்கம் வாங்கிக்கொண்டிருந்தது, பக்கத்து நியூ ஜெர்சிக்காரர்கள் வாங்கும் பொருளும் அதே துறைமுகம் வழியாகத்தான் வரும். தன் களஞ்சியத்தின் சாவியை யார் கொடுப்பார்?

ஆக, ஒட்டுப்போடும் வழியில் கோளாறு எங்கே இருந்ததோ, அதைச் சரிசெய்யும் கருவியும் அங்கேயே சிக்கியிருந்தது. திருத்தம் நல்லதா கெட்டதா என்பதற்கு முன்பே, 13-இல் ஒன்று மறுத்தால் கதை முடிந்தது. 1786 செப்டம்பரில் அனாபலிஸில் வணிகம் பற்றிப் பேசக் கூப்பிட்ட கூட்டத்துக்கு 5 மாநிலங்களிலிருந்து 12 பேர்தான் வந்தார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், அடுத்த மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் எல்லோரும் கூடுங்கள் என்று அழைப்பு விட்டது. மேற்கு மாசசூசெட்ஸில் கடனிலும் வரியிலும் நொந்த விவசாயிகள் நீதிமன்றங்களை மூடவைத்து, 1787 ஜனவரியில் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆயுதக்கிடங்கு வரை போனபின் அந்த அழைப்புக்கு மரியாதை கூடியது. பிப்ரவரி 21 அன்று காங்கிரஸும் தலையசைத்தது, 'விதிகளைத் திருத்துவதற்கு மட்டும்' என்ற கட்டுடன்.

இரண்டு வரைவுகள்

மே 14-க்குக் கூப்பிட்ட மாநாட்டுக்கு மே 25 அன்றுதான் போதிய மாநிலங்கள் வந்தன. வாஷிங்டன் தலைவர். கதவைச் சாத்தி, வெளியில் பேசக்கூடாது என்று விதி போட்டார்கள். யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர் பதியக்கூடாது, முடிந்த முடிவை மறுபடி எடுக்கலாம் என்பதும் விதி. இந்தக் கடைசி இரண்டும் இல்லாவிட்டால் பின்னால் வந்த எந்தச் சமரசமும் நடந்திருக்காது. திங்கட்கிழமை வீராப்பாகப் பேசியவர் வியாழக்கிழமை இறங்கிவர அவை இடம் கொடுத்தன.

மே 29 அன்று எட்மண்ட் ராண்டால்ஃப் வைத்த வர்ஜீனியா திட்டம் 15 தீர்மானங்கள் கொண்டது. பெரும்பகுதி ஜேம்ஸ் மேடிசனின் வேலை. இரண்டு அவைகள். கீழவையை மக்களே தேர்ந்தெடுப்பார்கள், மேலவையைக் கீழவை தேர்ந்தெடுக்கும். இரண்டிலும் இடங்கள் மாநிலத்தின் மக்கள்தொகையை அல்லது அது கட்டும் பங்கை ஒட்டி. நிர்வாகத் தலைவரைச் சட்டமன்றம் நியமிக்கும். மாநிலச் சட்டங்களை ரத்துசெய்யும் அதிகாரமும் மத்திய சட்டமன்றத்துக்கு உண்டு.

ஜூன் 15 அன்று வில்லியம் பாட்டர்சன் வைத்த நியூ ஜெர்சி திட்டம் பழைய ஓரவைக் காங்கிரஸை அப்படியே வைத்துக்கொண்டது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. ஆனால் இறக்குமதி வரி, முத்திரைத்தாள் வரி, தபால் கட்டணம் போட அதிகாரம் கொடுத்தது. வணிகத்தை ஒழுங்குபடுத்தலாம். ஒருவர் இல்லாமல் பலர் சேர்ந்த நிர்வாகக் குழு, ஓர் உச்ச நீதிமன்றம். இந்தத் திட்டத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்குகிறவர்கள் அதைச் சரியாகப் படிக்கவில்லை. மத்தியச் சட்டமும் உடன்படிக்கைகளுமே நாட்டின் மேலான சட்டம், மாநில நீதிபதிகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற வரி இதிலிருந்துதான் அரசமைப்புக்குள் நுழைந்தது.

இப்போது கேள்விக்கு வருவோம். சுங்கம் போதாமல் போனால் நியூ ஜெர்சி திட்டத்தில் மறுபடியும் மாநிலங்களிடம் பங்கு கேட்க வேண்டும். தராவிட்டால்? மற்ற மாநிலங்களின் படைபலத்தைத் திரட்டிக் கட்டாயப்படுத்தலாம் என்கிறது அது. பாக்கி வைத்த மாநிலத்துக்குள் பக்கத்து மாநிலத்துப் படை வரி வசூலிக்கப் போகுமா என்று ஜார்ஜ் மேசன் ஜூன் 20 அன்று கேட்டார். வரி கட்டியவனும் கட்டாதவனும் அந்தப் படையின் முன் ஒன்றுதான். இதில் வர்ஜீனியா திட்டமும் முதலில் அதே குழியில்தான் விழுந்திருந்தது. அதிலும் படைபலத் தீர்மானம் இருந்தது. மே 31 அன்றே மேடிசன் அதைத் தள்ளிவைக்கச் சொன்னார். ஒரு மக்கள்கூட்டத்தின்மேல் மொத்தமாகப் படையை ஏவுவது தண்டனையாக இராது, போர் அறிவிப்பாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். அந்தத் தீர்மானத்தை எடுத்துவிட்டால் வர்ஜீனியா திட்டத்தில் மிஞ்சுவது வேறொரு வகை அரசு. மக்கள் நேரே தேர்ந்தெடுத்த அவை, தனி ஆள்மேல் நேரே வரி போடும், தனி ஆளைத் தன் நீதிமன்றத்துக்கு இழுக்கும். மாநிலத்திடம் கேட்கவேண்டிய அவசியமே குறைந்துபோகிறது.

நடுவில் ஜூன் 18 அன்று அலெக்சாண்டர் ஹாமில்டன் ஐந்தாறு மணி நேரம் பேசினார். நன்னடத்தை உள்ளவரை, அதாவது ஆயுள் முழுக்க, பதவியில் இருக்கும் நிர்வாகத் தலைவர், அதேபோல மேலவை, மாநில ஆளுநர்களையும் மத்திய அரசே நியமிக்கும். அதை யாரும் வாக்கெடுப்புக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் 7-க்கு 3 என்ற கணக்கில் வர்ஜீனியா திட்டமே அடிப்படை ஆனது, மேரிலாந்து இரண்டாகப் பிளந்து நின்றது.

ஜூலை 2 காலை

அடிப்படை முடிவானது, ஆனால் அவைகளில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது முடிவாகவில்லை. டெலவேர் சட்டமன்றம் தன் ஆட்களுக்குக் கொடுத்த ஆணையிலேயே, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. 1790 கணக்கெடுப்பில் டெலவேரில் 59,096 பேர், வர்ஜீனியாவில் 7,47,610 பேர். பன்னிரண்டு மடங்குக்கு மேல். 'பெரியவர்கள் நம்மை விழுங்கிவிடுவார்கள்' என்ற பயம் வெறும் பேச்சில்லை. மறுபக்கம் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் கேட்டதும் நியாயம்: அரசு மனிதர்களுக்கா, மாநிலம் என்ற கற்பனைப் பிறவிக்கா?

கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் ஜூன் 11 அன்றே நடுவழி சொல்லியிருந்தார்: கீழவை தலைக்கணக்கு, மேலவை மாநிலத்துக்குச் சமம். அன்று 6-க்கு 5 என்று தோற்றது. அதே ஊர் ஆலிவர் எல்ஸ்வொர்த் மீண்டும் கொண்டுவந்தபோது ஜூலை 2 அன்று வாக்கெடுப்பு. மேரிலாந்திலிருந்து லூதர் மார்ட்டினும், அவருக்கு எதிர்நிலையில் நிற்கும் ஜெனிஃபரும் வரவேண்டும். ஜெனிஃபர் அன்று காலை தாமதம். மார்ட்டின் தனியே மேரிலாந்தின் வாக்கைச் சமத்துவத்துக்குப் போட்டார். வடக்கிலிருந்து தெற்காக அழைத்துவந்து கடைசியில் ஜார்ஜியா. அதன் நால்வரில் இருவர் நியூயார்க்கில் காங்கிரஸ் வேலையாகப் போயிருந்தார்கள். மிச்சம் இருவரில் ஆபிரகாம் பால்ட்வின், கனெக்டிகட்டில் பிறந்தவர், சமத்துவத்தின் பக்கம் போனார். ஜார்ஜியா பிளந்தது. 5-க்கு 5. வாக்கு முடிந்ததும் ஜெனிஃபர் உள்ளே நுழைந்தார்.

அந்தச் சமநிலையால்தான் மாநிலத்துக்கு ஒருவராக ஒரு குழு அமைந்தது. குழுவின் அறிக்கையில் பெரிய மாநிலங்களுக்கு ஒரு சமாதானமும் இருந்தது: பண மசோதாக்கள் கீழவையில்தான் தொடங்கவேண்டும். ஜூலை 16 அன்று முழுத் தொகுப்பும் 5-க்கு 4 என்று தேறியது. கனெக்டிகட், நியூ ஜெர்சி, டெலவேர், மேரிலாந்து, வட கரோலினா ஆதரவு. பென்சில்வேனியா, வர்ஜீனியா, தென் கரோலினா, ஜார்ஜியா எதிர்ப்பு. மாசசூசெட்ஸ் சமமாகப் பிரிந்தது. நியூயார்க்கின் இருவர் ஜூலை 10 அன்றே வெளியேறிவிட்டார்கள், நியூ ஹாம்ப்ஷயர் ஜூலை 23 வரை வரவேயில்லை, ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. 13 மாநில நாட்டின் மேலவை 5 மாநிலங்களின் வாக்கில் பிறந்தது.

சமரசத்தைப் புகழ்கிறவர்கள் அதற்கு அடுத்த வாரம் நடந்ததைக் கவனிப்பதில்லை. என் கணிப்பில் அதுதான் கனமான முடிவு. ஜூலை 23 அன்று மாநிலத்துக்கு இரண்டு உறுப்பினர், இருவரும் தனித்தனியாக வாக்களிப்பார்கள் என்று தீர்மானித்தார்கள். பழைய காங்கிரஸில் மாநிலம்தான் வாக்களித்தது, இங்கே ஆள் வாக்களிக்கிறார். ஆறாண்டுப் பதவி, நடுவில் திருப்பி அழைக்க முடியாது, சம்பளம் மத்தியக் கருவூலத்திலிருந்து. மேலவை உறுப்பினரை மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தாலும் (1913 வரை அப்படித்தான்), அனுப்பியபின் கயிறு அதன் கையில் இல்லை.

ஐந்தில் மூன்று

இடங்களைத் தலைக்கணக்கில் பிரிப்பது என்றானதும் யாருடைய தலை என்ற கேள்வி எழுந்தது. மூன்று வழிகள் இருந்தன. அடிமைகளை முழுதாக எண்ணுவது, அதைத்தான் தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் கேட்டன. அறவே எண்ணாமல் விடுவது. அல்லது 1783-இல் மாநிலங்களின் வரிப் பங்கைக் கணக்கிடக் காங்கிரஸ் முன்மொழிந்த, ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணும் 'ஐந்துக்கு மூன்று' விகிதம். மூன்றாவது தேறியது. நேரடி வரியும் அதே விகிதத்தில் என்று ஜூலை 12 அன்று கோத்தார்கள், இடம் கூடினால் வரியும் கூடும், ஆகவே நியாயம்தான் என்று காட்ட.

கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். 1790-இல் வர்ஜீனியாவின் 7,47,610 பேரில் 2,92,627 பேர் அடிமைகள். கழித்தால் 4,54,983. பென்சில்வேனியாவில் மொத்தம் 4,34,373, அதில் 3,737 பேர் அடிமைகள். சுதந்திர மக்கள் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 1792 பங்கீட்டில் 33,000 பேருக்கு ஓர் இடம், மீதியை விட்டுவிடுவது. சுதந்திர மக்களை மட்டும் எண்ணினால் இரண்டு மாநிலத்துக்கும் தலா 13. ஐந்தில் மூன்றைச் சேர்த்தபோது வர்ஜீனியாவின் எண்ணிக்கை 6,30,559 ஆகிறது. கிடைத்த இடம் 19. பென்சில்வேனியாவுக்கு அதே 13. வாக்குரிமை இல்லாத, தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத மனிதர்களின் பெயரில், அவர்களை வைத்திருந்தவர்களுக்கு ஆறு இடம் கூடுதல். பதிலுக்குக் கட்டவேண்டிய நேரடி வரியோ, உள்நாட்டுப் போர் வரைக்கும் விரல்விட்டு எண்ணும் தடவைதான் விதிக்கப்பட்டது. தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை விழுந்தது.

இதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் இன்னொரு பேரம். வணிகச் சட்டங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற கோரிக்கையைத் தெற்கு விட்டது. அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கக் கூடாது என்ற காலவரம்பை வடக்கு ஏற்றது. குழு 1800 என்றது, ஆகஸ்ட் 25 அன்று 1808 ஆக நீட்டினார்கள். 7-க்கு 4. நீட்டியவர்களில் மாசசூசெட்ஸும் கனெக்டிகட்டும் நியூ ஹாம்ப்ஷயரும் இருந்தன, எதிர்த்தவர்களில் வர்ஜீனியா இருந்தது. மாநிலத்தைக் கட்டாயப்படுத்தாமல் ஆளையே தொடும் அரசு வேண்டும் என்று எத்தனையோ நுட்பமாக யோசித்த அவை, ஏழு லட்சத்துக்கு நெருக்கமான ஆட்களை ஆளாகவே எண்ணவில்லை. கரோலினாவும் ஜார்ஜியாவும் இல்லாத கூட்டாட்சியா, இந்த விலையா என்பதுதான் தங்கள் முன் இருந்த தேர்வு என்று அன்று அவர்கள் சொன்னார்கள். விலையைக் கட்டியவர்கள் அந்த அறையில் இல்லை.

ரத்தா, படையா, நீதிமன்றமா

மத்தியச் சட்டத்துக்கு எதிராக ஒரு மாநிலம் சட்டம் போட்டால்? மேடிசன் உயிரை விட்டுப் போராடியது மத்திய சட்டமன்றத்தின் ரத்து அதிகாரத்துக்காக. நடைமுறையில் அதை நினைத்துப் பார்த்தால் அது ஏன் தோற்றது என்று தெரியும். 13 சட்டமன்றங்கள் போடும் எல்லாச் சட்டமும் குதிரையில் தலைநகருக்கு வந்து, அவை கூடும்வரை காத்திருந்து, அனுமதி வாங்கித் திரும்பவேண்டும். பாலம் கட்டுவதற்குக்கூடவா? லண்டன் அரசு காலனிச் சட்டங்களை ரத்துசெய்த நினைவும் எல்லோருக்கும் பசுமையாக இருந்தது. ஜூலை 17 அன்று 7-க்கு 3 என்று தோற்றது. உடனே எழுந்து மேலான சட்டம் பற்றிய வரியை முன்மொழிந்தவர், மத்திய அதிகாரத்துக்குப் பரம எதிரியான லூதர் மார்ட்டின். எதிர்ப்பில்லாமல் தேறியது.

மேடிசன் அக்டோபரில் ஜெஃபர்சனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதை ஒரு பெரும் குறையாகவே பார்த்தார். அவர் கணிப்பு தவறிய இடம் இது. ஏனென்றால் இந்த வழியில் மாநிலச் சட்டம் முன்கூட்டித் தடுக்கப்படுவதில்லை. அதனால் பாதிக்கப்பட்ட ஓர் ஆள் வழக்குப் போடும்போது, மாநில நீதிபதியே அதை ஒதுக்கியாகவேண்டும். ஒதுக்காவிட்டால், 1789 நீதித்துறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். அரசும் மாநிலமும் நேருக்குநேர் மோதாமல், வாதியும் பிரதிவாதியும் மோதுகிறார்கள்.

1794-இல் இதற்குச் சோதனை வந்தது. மேற்குப் பென்சில்வேனியாவில் விஸ்கி வரியை எதிர்த்து வசூல்காரர்களைத் தாக்கினார்கள். 1792 சட்டப்படி, நீதிமன்றத்தால் சமாளிக்க முடியவில்லை என்று ஒரு நீதிபதி எழுதித் தந்தால்தான் குடியரசுத் தலைவர் மாநிலப் படைகளை அழைக்கலாம். ஆகஸ்ட் 4 அன்று அதை எழுதித் தந்தவர், அப்போது உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த அதே ஜேம்ஸ் வில்சன். நான்கு மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய 13,000 பேர் போனார்கள், பென்சில்வேனியாவின் சொந்தப் படையும் அதில் சேர்த்தி. படை போனது, ஆனால் ஒரு மாநிலத்தின்மேல் போகவில்லை. தேசத்துரோகக் குற்றம் நிரூபணமான இருவருக்கும் வாஷிங்டன் மன்னிப்பு அளித்தார்.

தலைவரை யார் தேர்ந்தெடுப்பது

மாநாடு அதிகம் தடுமாறியது இங்கேதான். சட்டமன்றம் தேர்ந்தெடுத்தால், மறுமுறை வர ஆசைப்படும் தலைவர் அதற்குத் தலையாட்டுவார். மறுமுறை கிடையாது என்று தடுத்தால் அனுபவம் வீண். மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று கூவனர் மோரிஸும் வில்சனும் சொன்னதற்கு, பார்வையற்றவரிடம் நிறத்தைத் தேரச் சொல்வது போன்றது என்றார் மேசன். ஜூலை 17 அன்று அதற்கு விழுந்த ஒரே வாக்கு பென்சில்வேனியாவுடையது. மக்கள் தேர்தலே நல்லது என்று ஒப்புக்கொண்ட மேடிசன், அடிமைகளுக்கு வாக்கில்லாததால் அதில் தெற்குக்குச் செல்வாக்கு இராது, தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே மாநிலங்கள் நியமிக்கும் தேர்வாளர்கள் வழியில் அந்தச் சிக்கல் இல்லை என்று ஜூலை 19 அன்று வெளிப்படையாகவே சொன்னார்.

சட்டமன்றம், பிறகு தேர்வாளர்கள், மறுபடி சட்டமன்றம், ஏழாண்டு ஒரே தடவை என்று ஜூலை 26 வரை சுற்றிச்சுற்றி வந்தார்கள். செப்டம்பர் 4 அன்று ஒரு குழு கொண்டுவந்த ஏற்பாடுதான் நிலைத்தது. மாநிலத்தின் கீழவை இடங்களோடு இரண்டைக் கூட்டிய எண்ணிக்கையில் தேர்வாளர்கள், நான்காண்டு, மறுமுறை நிற்கலாம். வர்ஜீனியாவின் கூடுதல் ஆறு இங்கேயும் தொடர்ந்து வந்தது. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டு வர்ஜீனியாக்காரர்கள் தலைவராக இருந்தார்கள்.

இதில் ஒரு பொறியியல் பிழை இருந்தது. தேர்வாளர் ஒவ்வொருவரும் இருவருக்கு வாக்களிப்பார், யார் தலைவர் யார் துணை என்று குறிக்கமாட்டார். சொந்த மாநிலத்தானுக்கே எல்லோரும் போட்டுவிடுவார்களே என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கட்சிகள் வந்ததும் கோளாறு வெளிப்பட்டது. 1800 தேர்தலில் ஜெஃபர்சனுக்கும் அவர் கட்சியின் துணை வேட்பாளர் ஆரன் பர்ருக்கும் தலா 73. முடிவு கீழவைக்குப் போயிற்று, அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு, 16-இல் 9 வேண்டும். 35 சுற்று நகரவில்லை. 1801 பிப்ரவரி 17 அன்று 36-ஆவது சுற்றில் முடிந்தது. அத்தனை சுற்றிலும் ஒரே உறுப்பினரைக் கொண்ட டெலவேரும் 19 பேர் கொண்ட வர்ஜீனியாவும் சமம். 1804-இல் 12-ஆம் திருத்தம் இரண்டு வாக்கையும் பிரித்தது.

யாரிடம் ஒப்புதல் கேட்பது

பழைய விதிப்படி போனால் காங்கிரஸ், பிறகு 13 சட்டமன்றங்கள். முடியாத காரியம். ரோட் ஐலண்ட் ஒன்றே போதும் கவிழ்க்க. எந்தச் சட்டமன்றமும் தன் அதிகாரத்தைக் குறைக்கும் தாளில் மனமுவந்து கையெழுத்திடாது. கையெழுத்திட்டாலும் அடுத்த ஆண்டு வரும் சட்டமன்றம் அதை மாற்றலாம். ஆகவே ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநாடு, 9 மாநிலம் ஏற்றால் ஏற்றவற்றுக்குள் நடைமுறை. கேள்வியோடு இது பொருந்துகிறது. ஆளை நேரே தொடப்போகும் அரசு, சம்மதத்தையும் ஆளிடமே நேரே கேட்கிறது.

முகவுரையில் இதன் தடம் இருக்கிறது. ஆகஸ்ட் வரைவு 'நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ்...' என்று 13 மாநிலப் பெயரையும் வரிசையாக அடுக்கி, அவற்றின் மக்களாகிய நாம் என்று தொடங்கியது. எந்த 9 ஏற்கும் என்று தெரியாதபோது பெயர் போட முடியுமா? செப்டம்பரில் மோரிஸ் கைபட்ட வரைவில் அது 'ஐக்கிய மாநிலங்களின் மக்களாகிய நாம்' ஆயிற்று. 23 பிரிவுகள் 7 ஆகச் சுருங்கியதும் அதே நான்கைந்து நாளில்தான்.

டெலவேர் 1787 டிசம்பர் 7 அன்று 30-க்கு 0 என்று முதலில் ஏற்றது. மேலவையில் சமம் கிடைத்தபின் அதற்கு என்ன தயக்கம்? பென்சில்வேனியாவில் அவசரம் அசிங்கமாகப் போயிற்று. மாநாட்டுத் தேதியைத் தள்ள எதிர்த்தரப்பு அவைக்கு வராமல் இருந்தபோது, அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை நிறைய இரண்டு பேரை ஒரு கும்பல் இழுத்துவந்து உட்காரவைத்தது. அந்தக் கசப்பு பல மாதம் ஆறவில்லை.

குடிமக்களின் உரிமைகளைச் சொல்லும் உரிமைப் பட்டியல் சேர்க்கலாம் என்று மேசன் செப்டம்பர் 12 அன்று கேட்டபோது ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. மாநாட்டின் மோசமான அரசியல் தவறு அது. சில மணி நேர வேலையை மிச்சப்படுத்தப் போய், ஒன்பது மாத எதிர்ப்பை வாங்கிக்கொண்டார்கள். மாசசூசெட்ஸில் 355 பேர் மாநாட்டில் தோல்வி உறுதி என்று தெரிந்தபின்தான் வழி பிறந்தது: இப்போது நிபந்தனையின்றி ஏற்போம், கூடவே 9 திருத்தங்களைப் பரிந்துரைப்போம். 187-க்கு 168. பத்துப் பேர் மாறியிருந்தால் கவிழ்ந்திருக்கும். அதன்பின் ஏற்ற மாநிலங்களில் மேரிலாந்தைத் தவிர எல்லாம் பரிந்துரைப் பட்டியல் சேர்த்தே அனுப்பின. நியூயார்க் ஒரு படி மேலே போய், திருத்தம் வராவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமையோடு ஏற்கலாமா என்று யோசித்தது. அது ஏற்பே ஆகாது என்று மேடிசன் ஹாமில்டனுக்கு எழுதினார். கடைசியில் 30-க்கு 27.

திருத்தங்களை மூலத்துக்குள்ளேயே ஆங்காங்கே நெய்துவிட மேடிசன் விரும்பினார். கையெழுத்திட்டவர்களின் ஆவணத்தைத் தொடாமல் கடைசியில் சேர்ப்போம் என்று ஷெர்மன் பிடிவாதம் பிடித்தார். ஷெர்மன் சொன்னதே நின்றது. 1789-இல் அனுப்பிய 12-இல் 10, 1791 டிசம்பர் 15 அன்று நிறைவேறின. சேர்த்தது தனியாகத் தெரிவதால், எது எப்போது ஏன் வந்தது என்று இன்றும் ஒருவர் விரல் வைத்துக் காட்டலாம். நெய்திருந்தால் அது முடியாது.

கடைசி மாநிலம்

புதிய காங்கிரஸின் சுங்கச் சட்டத்தில் வாஷிங்டன் 1789 ஜூலை 4 அன்று கையெழுத்திட்டார். அந்த மாதமே துறைமுகவாரியாக வசூல் மாவட்டங்களும் வந்தன. வணிகர் சரக்கை இறக்கினால் வரியைக் கட்டவேண்டும், கட்டாவிட்டால் சரக்கு பறிமுதல். எந்த மாநிலத்திடமும் கேட்கவில்லை. 1791 முடிவுக்குள் சுங்கத்தில் மட்டும் ஏறக்குறைய 44 லட்சம் டாலர்.

வட கரோலினா 1789 நவம்பரில் சேர்ந்தது. ரோட் ஐலண்ட் மட்டும் வெளியே நின்றது, ஒரு காலத்தில் 5 சதவீத வரியைத் தனியொருவனாகக் கவிழ்த்த அதே மாநிலம். படை எதுவும் போகவில்லை. 1790 மே 18 அன்று மேலவை, ரோட் ஐலண்டோடு வணிகத்தை நிறுத்தும் மசோதாவை நிறைவேற்றியது. அதன் கப்பலும் சரக்கும் இனி அயல்நாட்டுச் சரக்கு. மாநிலம் ஏற்காவிட்டால் நாங்கள் தனியாகப் போய்ச் சேர்ந்துகொள்வோம் என்று பிராவிடன்ஸ் நகர வணிகர்கள் மிரட்டினார்கள். மசோதா கீழவையில் தேறுவதற்கு முன்பே, மே 29 அன்று நியூபோர்ட்டில் கூடிய மாநாடு வாக்கெடுத்தது. ஏற்கலாம் என்று 34 பேர், வேண்டாம் என்று 32 பேர்.